குந்தச் சொன்னவர்கள்

வயதானவர்களைப் பார்த்து "குந்துங்க, குந்துங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். தலை நரைத்த ஒருத்தி எழுந்து நின்றால் போதும், நாலு பேர் பதறிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். கேட்டால் மரியாதையாம். இந்த மரியாதை ஒருத்தியை என்ன பாடு படுத்தியது என்பதை அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவள் நான். நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாய் நீளம் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் நர்சம்மா. சித்தாளாக இருந்தவள். கொத்தனார் கேட்கக் கேட்கச் சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்கியே ஆயுளில் பாதியைக் கழித்தவள். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டு மாடிகளில் பலவும் அவள் தலை வழியாகத்தான் மேலே போயின. கோட்டையில் மராமத்து நடந்தபோது மலைமேல் சுண்ணாம்பு சுமந்திருக்கிறாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறமுடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. சும்மாடு வைத்து வைத்து உதிர்ந்துபோன இடம். முந்தானையை இழுத்து அதை மறைக்கிற பழக்கமே அவளுக்கு இருந்ததில்லை.

ஒரு பாரம் கீழே கிடப்பதைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. பக்கத்து மனையில் அவர்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது, நான் வாங்க என்று சொல்வதற்குள் வாசலில் கிடந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பெயரைக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். ஒருமுறை ஒரு பெண், திருடி என்று நினைத்துக் கூச்சலே போட்டுவிட்டாள். ஆனால் அவள் கையில் இருக்கும் பாரத்தை வாங்க யாராவது கையை நீட்டினால் முகம் சிவந்துவிடும். "ஏன், எனக்கு கை இல்லியா" என்று வெடுக்கென்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவளுடைய மகன் நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். பள்ளிக்கூடத்தில் அவனைச் சித்தாள் மவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒருநாள் பள்ளிக்கு எதிரிலேயே வேலை நடந்திருக்கிறது. சாரத்தில் கால் வழுக்கி இவள் கீழே விழுந்தாள். புருவத்தில் ரத்தம். முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டியைத் தூக்கியதை அவன் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். அன்றைக்கு மனத்துக்குள் ஏதோ சபதம் எடுத்துக்கொண்டான். படித்தான், விழுப்புரத்தில் அரசாங்க வேலைக்குப் போனான், செஞ்சியிலேயே எங்கள் நகரில் என் வீட்டை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினான். புதுமனை புகுவிழா அன்று வந்த சனம் அத்தனைக்கும் முன்னால், அம்மாவின் பழைய சாந்துச் சட்டியைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக்காரன் வண்டியில் போட்டுவிட்டு, "இனிமே எங்கம்மா ஒரு சொம்பு தண்ணி தூக்கக் கூடாது" என்றான்.

பந்தலே அழுதது. எனக்கும் கண் கலங்கியது. தலைமுறை தலைமுறையாக ஊரார் வயலில் விளைந்த கதிர்க்கட்டுகளையும் ஊரார் வீட்டு மண்ணையும் சுமந்த குடும்பம். அதில் ஒருவன் எழுந்து என் தாய் இனி சுமக்கமாட்டாள் என்று சொன்னால், கல் நெஞ்சுக்காரர்களைத் தவிர யாருக்குத்தான் அழுகை வராது? எனக்குக் கோபமெல்லாம் பிறகுதான் வந்தது.

வாசல் போர்ட்டிகோவில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. தெருவைப் பார்த்த மாதிரி. காபி அங்கேயே வரும், இட்லி வரும், கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் வரும். துடைப்பத்தைத் தொட்டால் மருமகள் ஓடிவருவாள். "குந்துங்க அத்தை, அவரு பாத்தா என்னைத்தான் திட்டுவாரு." அவளும் தங்கமான பெண்தான். அந்த வீட்டில் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். தெருவில் போகிறவர்கள், "ராணியாட்டம் வெச்சிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்கத்தான் நாற்காலியைத் தெருப்பக்கம் போட்டிருந்தான் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். முதலில் அவள் யாருக்கும் தெரியாமல் பூந்தொட்டிகளைத் தூக்கி இடம் மாற்றி வைப்பாள். காலையில் தெற்கு மூலையில் இருந்த செம்பருத்தி சாயங்காலம் வடக்கு மூலையில் இருக்கும். மகன் கண்டுபிடித்துத் தொட்டிகளையே மாடிக்கு ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் உட்கார்ந்தாள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சொத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். சொத்து மட்டும்தானா? சாரம் ஏறின தொடை என் கண் முன்னாலேயே கரைந்தது. அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கத்துவேன். உடம்புக்கு வேலை கொடுங்கள் என்று அவனிடம் சொன்னால், "நடக்கறாங்களே நர்சம்மா, காலைல கேட் வரைக்கும்" என்பான். கேட் வரைக்கும்! அந்த வீட்டு நாய்கூட அதைவிட அதிகம் நடந்தது.

ஒரு மத்தியானம் மருமகள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம். அக்காவுக்கு அவசரமாக வந்திருக்கிறது. எழப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலிக் கையை ஊன்றி மறுபடியும் பார்த்தாள். இடுப்பு எழுந்ததே தவிரத் தொடை நிமிரவில்லை. தெருவைப் பார்த்துப் போட்ட அந்த நாற்காலியில், ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும்போதே புடவையை நனைத்துக்கொண்டாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டுகிறவள்போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கு அவள் மகன் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? டயப்பர். கட்டுக் கட்டாக வாங்கிவந்து அலமாரியில் அடுக்கினான். அதுவும் பாசம்தான். அம்மாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாதாம். காலில் வியாதி இல்லை, முதுகில் வியாதி இல்லை, மூளை நம் எல்லோரையும்விடத் தெளிவாக இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு, எழுந்திருக்கத் தெம்பு வரவைப்பதை விட்டுவிட்டு, எழவே தேவையில்லாதபடி ஏற்பாடு செய்கிறான் ஒருவன். கையில் கொடுத்த டயப்பர்க் கட்டை அக்கா உட்கார்ந்தபடியே காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தெருவில் வீசினாள். பால்காரர் காலடியில் போய் விழுந்தது. அவர் எடுத்துக்கொண்டு வந்து மரியாதையாக மருமகள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே ஆட்டோ வைத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பிசியோதெரபி பார்க்கும் பெண் அவளை நிற்க வைத்து, உட்கார வைத்து, தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் ஆள்போலவே பட்டென்று சொன்னாள். மூட்டில் தேய்மானம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இவரை எழவிடாமல் செய்வது மூட்டு இல்லை, சதை. வேலை இல்லாத சதை எந்த வயதிலும் கரையும், வேலை கொடுத்தால் எந்த வயதிலும் திரும்பி வரும். வெறும் நடை போதாது, பாரம் வேண்டும். முதலில் தன் உடம்பையே பாரமாக வைத்து நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூச்சை அடக்கக் கூடாது, நெஞ்சில் ஏதாவது செய்தால் நிறுத்திவிட வேண்டும், முட்டையும் வேர்க்கடலையும் சாப்பிட வேண்டும். எலும்புக்கும் அதுதான் மருந்து, சர்க்கரைக்கும் நல்லது என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டு வந்து மகனிடம் சொன்னால், அவன் முகம் சுண்டிப்போயிற்று. எங்கம்மாவை மறுபடியும் சித்தாள் வேலைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியாது.

சரி, இவனிடம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று என் வீட்டிலேயே ஆரம்பித்தோம். அவன் ஆபீஸ் போன பிறகு, நர்சம்மா வீட்டில் சீரியல் பார்க்கப் போகிறேன் என்று அக்கா கிளம்புவாள். மருமகளுக்கு விஷயம் தெரியும், தெரியாத மாதிரி கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். என் வீட்டுப் பின்கட்டில், சுவரோரம் மர நாற்காலி. முதலில் இரண்டு தலையணை போட்டு உயரம் கூட்டி அதிலிருந்து எழுந்தாள். தலையணை ஒன்றாயிற்று, பிறகு அதுவும் போயிற்று. கையை ஊன்றுவதை விட்டாள். பிறகு துணிப் பையில் மணல். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவாள், உட்காருவாள். நானும் கூடவே செய்தேன். எனக்கும் மாடிப்படி ஏறினால் முழங்கால் பேச ஆரம்பித்திருந்தது.

பழைய ஆள் அப்போதுதான் திரும்பி வந்தாள். மணலைக் கொஞ்சமாகப் போட்டால் ஏமாற்றுகிறாய் என்று என்னைத் திட்டுவாள். அவசரப்படாதே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்றால், "எனக்கேவா பாரம் ஏத்த சொல்லித்தரே" என்பாள். ஒருநாள் ஒய்யாரமாக நின்றுகொண்டு ஒன்று சொன்னாள். புதுசாகப் பூசின சுவருக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் வெடிக்கும் அல்லவா, உடம்பும் அப்படித்தான், வியர்வையில் நனைய வேண்டும் என்றாள். இப்படிப் பேசுகிறாளே என்று உடனே ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நாற்காலியிலிருந்து எழ வந்துவிட்டது. கக்கூஸில் குந்தி எழ இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் மகன் ஒருநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். அம்மாவைத் தேடிக்கொண்டு என் பின்கட்டுக்கு வந்தவன் பார்த்தது இதைத்தான்: புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, மணல் பையோடு நிற்கும் அம்மா. வகுப்பு ஜன்னலில் பார்த்த அதே அம்மா.

"நீங்க படிச்சவங்க நர்சம்மா. எங்கம்மாவ மறுபடியும் மண்ணு தூக்க வெச்சிட்டீங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா பக்கம் திரும்பிவிட்டான். "நீ தூக்கக் கூடாதுன்னுதாம்மா நான் படிச்சேன்."

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. "நீ படிச்சே. நான் அடுத்தவன் ஊட்டுக்கு தூக்கறது நின்னுபோச்சு. சந்தோசம்டா. இப்ப என்னிய யாரு தூக்கறது? தெனமும் உன் பொண்டாட்டியா? என்னிய நான்தாண்டா தூக்கணும்."

அவன் பையை அவள் கையிலிருந்து வாங்கி மண்ணை என் வாழைமரத்தடியில் கொட்டினான். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கையை உதறினாள், அவன் விடவில்லை. அவ்வளவு மென்மையாக ஒருவன் ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. போர்ட்டிகோவில் நாற்காலி இருந்தது. அவள் இருந்தாள். நான் தெருவில் போனால் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி எழ முடியாதவள் ஆகிவிட்டாள்.

அப்புறம் மருமகளின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் அவள் தொண்டூருக்குப் போக வேண்டி வந்தது. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அதுவரைக்கும் அவளைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போய், குந்தவைத்து, கழுவிவிட்டு, தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் மருமகள். அம்மா இனி தூக்கக் கூடாது என்று பந்தலில் சொன்னவனுக்கு, தூக்கிவிடுவது யார் என்று யோசிக்க ஒரு அவசியமும் வந்ததில்லை. இப்போது வந்தது. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று அவன் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னான். தூக்கும்போதெல்லாம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம். அவன் கழுவி முடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கும் வரைக்கும் முகத்தை எடுக்கவே இல்லையாம். தலைச் சுமையோடு அத்தனை வருஷம் ஊர் முன்னால் தலை நிமிர்ந்து நடந்தவள்.

மருமகள் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம் என் வாசலில் நின்றான். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு கையில் ஒரு பை மணல். நான் வாப்பா என்று சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்தேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீணாய்ப்போன அந்த மாதங்களுக்கு அவனிடம் எனக்கு இன்னும் கணக்கு இருக்கிறது.

மறுபடியும் தலையணையிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அவன் பக்கத்தில் நின்றான். அம்மா தள்ளாடும்போது தானாகக் கை நீளும், அக்கா முறைப்பாள், கை திரும்பிப் போகும். அவனுக்கு அதுதான் பயிற்சி. வெயில் காலம் வருவதற்குள் தரையில் உட்கார்ந்து எழுந்தாள். அதற்கப்புறம் ஒருநாள் காலையில் எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் அவள் தலை தெரிந்தது. "நர்சம்மா, நானே தனியா போய்ட்டு வந்துட்டேன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அழுதேன்.

டயப்பர் கட்டுகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மருமகள் சொன்னபோது, அங்கே இருப்பவர்களையும் முதலில் எழுப்பிப் பாருங்கள் என்று நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு நாங்கள் இரண்டு பேரும் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போனோம். மகன் கார் வைக்கிறேன் என்றான், அவள் கேட்கவில்லை. பஸ் படி ஒரு முழம் உயரம். கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறினாள். நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு காலேஜ் பெண் எழுந்து, "ஆயா, இங்க குந்துங்க" என்றது. "நீயே குந்தும்மா, உனுக்குத்தான் கால் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு ஊர் வரும் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். போதாததற்கு யாரோ ஒருத்தியின் தேங்காய் மூட்டை வேறு அவள் இடுப்பில். கண்டக்டர் இவள் யாரோ வியாபாரி என்று நினைத்து மூட்டைக்கு டிக்கெட் கேட்டான்.

பிறகும் சில வருஷம் இருந்தாள். போன கார்த்திகையில் ஒருநாள் காலையில், காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாளாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அப்பாவும் அண்ணனும் அவள் வயதில் பாதியைத் தாண்டாமல் இதே நெஞ்சு வலியில் போனவர்கள்.

சாயங்காலம் எடுப்பதாக இருந்தது. பந்தலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மகனுக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர், சிங்கவரத்துக்காரர், வந்ததிலிருந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு டீயும் தண்ணீரும் உட்கார்ந்த இடத்துக்கே வரவழைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி படுக்கையில் விழுந்து வெகுகாலம் ஆகிறது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். இந்த வயதில் மண் மூட்டையைத் தூக்க வைத்தால் நெஞ்சு தாங்குமா, குந்தவைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாள், படித்தவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு உயிர் போச்சு என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

சாவு வீடு என்றும் பார்க்காமல் வாயைத் திறந்தேன். அதற்குள் மகன், அம்மாவின் தலைமாட்டில் இருந்தவன், எழுந்து அவர் எதிரில் வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"எங்கம்மா இன்னிக்கு காலைலகூட தானா எழுந்து கக்கூஸ் போய்ட்டு வந்துச்சு பெரியப்பா. பெரியம்மா எப்டி போறாங்க?"

பெரியவருக்கு முகம் கறுத்துவிட்டது. இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்தவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியின் கைகளைப் பிடித்தார். எழ முடியவில்லை. மறுபடியும் முயன்றார். பந்தலில் இருந்த இரண்டு பேர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், உதவப் போகவில்லை.